காற்றில் வரும் நோய் வித்துக்களையும் எண்ண வேண்டும்

கும்மிடிப்பூண்டியில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தானியங்கிக் காற்று அளவீட்டு நிலையம் ஒன்று உள்ளது. சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்காலைகளும் வார்ப்பட ஆலைகளும் நிறைந்த அந்த வட்டாரத்தில் காற்றில் தூசு எவ்வளவு, கந்தக வாயு எவ்வளவு என்பதை இரவு பகலாக அளந்து சொல்வது அதன் பணி. இது தவிர, இரும்பு எஃகு, அனல் மின்சாரம் உள்ளிட்ட 17 வகைத் தொழிற்சாலைகள் தங்கள் புகைபோக்கியிலும் கழிவுநீர் வெளியேறும் இடத்திலும் தானியங்கிக் கருவிகளைப் பொருத்த வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-ஆம் ஆண்டில் உத்தரவிட்டது. இவை யாவும் வரவேற்கத்தக்கவை.

ஆனால் அதே காற்றுதான் ஆலைச் சுவரைத் தாண்டி நெல் வயல்களின் மேலும், நிலக்கடலைக் காடுகளின் மேலும் வீசுகிறது. அதில் தூசு மட்டும் வருவதில்லை. குலை நோய், துரு நோய், இலைப்புள்ளி நோய் ஆகியவற்றின் வித்துக்களும் வருகின்றன. அவற்றை எண்ணுவது மாசு வாரியக் கருவியின் வேலை அல்ல. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். அந்தக் கருவி 10 மைக்ரானுக்கும் 2.5 மைக்ரானுக்கும் உட்பட்ட துகள்களையே அளக்க அமைந்தது. புல்லின் மகரந்தத் தூள் 25 மைக்ரானுக்கு மேல் இருப்பதால் கருவியின் வாயிலிலேயே நின்றுவிடும். உள்ளே நுழையும் சிறிய பூசண வித்துக்களும் தூசோடு தூசாக எடை போடப்படுமே அன்றி, இன்ன பூசணம் என்று பெயர் சொல்லப்பட மாட்டா.

ஆலைக்காகக் காற்றை அளக்க முடியும் என்றால் பயிருக்காகவும் அளக்க முடியும். ஐரோப்பிய நாடுகள் சில, தங்களுக்குள் ஒத்துழைத்து, மகரந்தத் தூளையும் பூசண வித்துக்களையும் தானாக எண்ணும் கருவிகளை நடைமுறைக்குக் கொண்டு வந்துள்ளன. திருவள்ளூர் மாவட்டமும் இம்முயற்சியில் சேர வேண்டும். ஆனால் கருவியை விலைக்கு வாங்கி நிறுத்துவதோடு காரியம் முடிந்துவிடாது. அதற்கு நம் ஊர் வித்துக்களை அடையாளம் காட்ட வேண்டும்; அது சொல்வதை உழவர் வீட்டு வாசல் வரை கொண்டு சேர்க்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாமல் வரும் கருவி காட்சிப் பொருளாகவே இருக்கும்.

இரவில் பறக்கும் குலை நோய்

நெல்லைத் தாக்கும் குலை நோயை எடுத்துக்கொள்வோம். 1919-ஆம் ஆண்டில் தஞ்சை டெல்டாவில் பெருநாசம் விளைவித்த நோய் இது. இதன் வித்து ஏறத்தாழ 20 மைக்ரான் நீளமே உள்ளது. பேரிக்காய் வடிவில், மூன்று அறைகளுடன் இருக்கும். கண்ணால் காண இயலாது. நள்ளிரவுக்குப் பின், விடிவதற்கு முன் உள்ள நேரத்தில்தான் இவ்வித்துக்கள் மிகுதியாகக் காற்றில் கலக்கின்றன. இலையில் பனியோ தூறலோ நின்று, இரவு வெப்பம் 20 டிகிரி அளவுக்கு இறங்கினால் வித்து முளைத்து இலைக்குள் புகுந்துவிடும். அதற்கு ஓர் ஈரமான இரவு போதும்.

புகுந்த நான்கைந்து நாட்களில் கண் வடிவப் புள்ளி தோன்றுகிறது. பிறகு அந்த ஒரு புள்ளியிலிருந்தே ஒவ்வொரு இரவும் ஆயிரக்கணக்கான வித்துக்கள் கிளம்புகின்றன. உழவர் புள்ளியைப் பார்த்து மருந்துக் கடைக்குப் போகும்போது நோய் அடுத்த வயலுக்குப் போய்விட்டிருக்கும். கதிர் வெளிவரும் தருணத்தில் கழுத்துப் பகுதியைத் தாக்கினால் கதிர் பதராகிவிடும். அந்நிலையில் எந்த மருந்தும் பயனளிக்காது.

திருவள்ளூர் மாவட்டத்தில் சம்பாப் பயிர் கதிர் விடும் காலமும், நவரைக்கு நாற்று விடும் காலமும் மார்கழி, தை மாதப் பனியோடு சேர்ந்தே வருகின்றன. பி.பி.டி. 5204 போன்ற, சந்தையில் நல்ல விலை போகும் சன்ன இரகம் இந்நோய்க்கு எளிதில் இலக்காகிறது. ஆகவே பலர் நோய் வந்தாலும் வராவிட்டாலும் அச்சத்தின் பேரில் மருந்து அடிக்கின்றனர். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஒரு முறை மருந்தும் தெளிப்புக் கூலியும் சேர்ந்தால் கையைக் கடிக்கும். அடிக்காமல் விட்டு நோய் வந்தாலோ குடும்பமே கலங்கிப் போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் உழவருக்குத் துணை செய்யக்கூடியது முன்னறிவிப்பு ஒன்றேயாகும்.

நீலகிரியிலிருந்து வடக்கே போன துரு

காற்றில் வரும் வித்தைக் கண்டறிந்து நோயை முன்கூட்டிச் சொல்வது இந்தியாவுக்குப் புதிதன்று. ஆக்ராவில் பணியாற்றிய கே. சி. மேத்தா என்னும் தாவரவியல் அறிஞர் கோதுமைத் துரு நோயைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1940-ஆம் ஆண்டில் முடிவுகளை விரிவாக வெளியிட்டார். சமவெளியின் கோடை வெப்பத்தில் துருப் பூசணம் பிழைத்திருக்க முடியாது. குளிர்ந்த மலைகளில் அது உயிர் தரித்து, ஆண்டுதோறும் அங்கிருந்து காற்றில் இறங்கி வருகிறது என்று அவர் காட்டினார். அத்தகைய மலைகளில் தமிழ்நாட்டின் நீலகிரியும் பழனி மலையும் முக்கியமானவை.

1970-களில் எஸ். நாகராஜனும் அவருடன் பணியாற்றியவர்களும் இதை மேலும் துலக்கினர். கார்த்திகை மாத வாக்கில் வங்கக் கடலில் தோன்றும் புயல்கள் நீலகிரி, பழனி மலைகளின் துரு வித்துக்களை மத்திய இந்தியா வரை கொண்டு சென்று, மழையோடு வயலில் இறக்குகின்றன என்று கண்டு, எந்த வானிலை அமைந்தால் நோய் வரும் என்பதற்கு விதிகளை வகுத்தனர். நீலகிரியின் வெலிங்டனில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்துக்கு ஒரு கோதுமை நிலையம் இருப்பதன் பொருள் இதனால் விளங்கும். உதகை மலையில் கண் வைத்தால்தான் மத்தியப் பிரதேசத்துக் கோதுமைக்குக் காவல் கிடைக்கும்.

நெல்லுக்கும் முன்னோடிப் பணி உண்டு. ஆந்திரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்ரீராமுலுவும் இராமலிங்கமும் விசாகப்பட்டினம் அருகே ஒரு நெல் வயலின் மேல் வீசும் காற்றை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 1966-இல் முடிவுகளை வெளியிட்டனர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறையினர் சென்னைக் காற்றில் உள்ள பூசண வித்துக்களைக் கணக்கெடுத்தனர். வித்தை கண்டு பெயர் சொல்லும் கலை தென்னாட்டில் இருந்தது. அதை நாள்தோறும் உழவருக்குப் பயன்படும் சேதியாக மாற்றும் பணிதான் எஞ்சியது.

பழைய பொறியும் புதிய கருவியும்

இவ்வாராய்ச்சிகளுக்குப் பெரிதும் உதவியது ஹிர்ஸ்ட் பொறி. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் பயிர் நோய்களை ஆராய்ந்த ஹிர்ஸ்ட் 1952-இல் இதை வெளியிட்டார். நிமிடத்துக்கு 10 லிட்டர், அதாவது நாளொன்றுக்கு 14,400 லிட்டர் காற்றை இது உறிஞ்சும். காற்றில் வரும் வித்துக்கள், மணிக்கு 2 மில்லிமீட்டர் வேகத்தில் நகரும் பசைப் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து எண்ணினால் எந்த மணி நேரத்தில் எந்த வித்து வந்தது என்று தெரியும்.

இதன் குறை காலதாமதம். பிந்தைய மாதிரிகளில் ஏழு நாளைக்கு ஒரு முறை உருளையை எடுத்து வந்து எண்ணுவர். பயிற்சி பெற்ற ஒருவர் மணிக்கணக்கில் அமர்ந்து எண்ண வேண்டும். முழுவதையும் எண்ண இயலாது என்பதால் ஒரு பகுதியை எண்ணிக் கணக்கிடுவர். சென்ற செவ்வாயன்று குலை நோய் வித்து வந்தது என்று இந்த வாரம் தெரிந்து என்ன பயன்? அதற்குள் இலையில் புள்ளி விழுந்துவிடும்.

புதிய தானியங்கிக் கருவிகள் இந்தக் குறையைத் தீர்க்க முற்படுகின்றன. ஒரு வகைக் கருவி காற்றை உறிஞ்சி, அதில் பறந்து செல்லும் ஒவ்வொரு துகளையும் பறக்கும்போதே இரண்டு பக்கமிருந்து படம் எடுக்கிறது. வேறு வகை, துகளின் மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சி அது சிதறும் விதத்தைப் பார்க்கிறது. புற ஊதா ஒளி பட்டால் மகரந்தமும் வித்தும் தத்தமக்குரிய நிறத்தில் ஒளிரும். அதையும் சில கருவிகள் அளக்கின்றன. இவற்றைக் கொண்டு இது புல் மகரந்தம், இது ஆல்டர்நேரியா வித்து என்று கம்ப்யூட்டர் பிரித்து எண்ணுகிறது. கணக்கு மணிக்கு மணி கிடைக்கும்.

ஐரோப்பிய வானிலைத் துறைகளின் கூட்டமைப்பு 2018-இல் இதற்கென ஒரு கூட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. ஒரே வகைத் துகளை ஒரு நாட்டுக் கருவி ஒரு விதமாகவும் அடுத்த நாட்டுக் கருவி வேறு விதமாகவும் எண்ணினால் பயனில்லை. ஆகவே 2021-இல் ஜெர்மனியின் மூனிச் நகரில் பல வகைக் கருவிகளையும் பழைய ஹிர்ஸ்ட் பொறிகளையும் ஒரே இடத்தில் நிறுத்தி, ஒரே காற்றை மாதக்கணக்கில் எண்ணச் செய்து ஒப்பிட்டுப் பார்த்தனர். சுவிட்சர்லாந்து 15 நிலையங்கள் கொண்ட தானியங்கி மகரந்த அளவீட்டு வலையை 2023 முதல் நடைமுறைப்படுத்தியது. காற்றுக்கு நாட்டு எல்லை கிடையாது என்பதை உணர்ந்து, போட்டியை விட்டுக் கூட்டாகச் செய்த வேலை இது.

கருவிக்குத் தெரியாத ஊர்

இனிதான் கவனிக்க வேண்டிய செய்தி வருகிறது. இந்தக் கருவிகள் பிறவியிலேயே எதையும் அறிந்தவை அல்ல. பெயர் தெரிந்த மகரந்தத்தை ஆயிரக்கணக்கில் கருவிக்குள் செலுத்தி, இதன் பெயர் இது என்று பழக்க வேண்டும். புதிதாக ஏர் பூட்டிய காளையை நுகத்துக்குப் பழக்குவது போன்ற வேலை இது. பழக்கியதை மட்டுமே கருவி அடையாளம் காணும்.

ஐரோப்பியக் கருவிகளுக்குப் பெரும்பாலும் அந்நாட்டு மரங்களும் புற்களும் பழக்கப்பட்டுள்ளன. அவர்களின் முதல் கவலை ஒவ்வாமை நோய். ஆகவே மகரந்தத்துக்கே முதலிடம் தந்தனர். பூசண வித்துக்களை எண்ணுவதில் அவர்களும் இப்போதுதான் முன்னேறி வருகின்றனர். அக்கருவியைத் திருவள்ளூர் மாவட்டத்து வயல் வரப்பில் நிறுத்தினால், குலை நோய் வித்தையும், நிலக்கடலையின் டிக்கா இலைப்புள்ளி வித்தையும், சீமைக் கருவேல் மகரந்தத்தையும் பார்த்து விழிக்கும். அல்லது தனக்குத் தெரிந்த வேறொன்றின் பெயரைத் தவறாகச் சூட்டும். தவறான எச்சரிக்கையை நம்பி மருந்தடித்தால் நட்டம் கருவிக்கு இல்லை, உழவருக்கே.

கும்மிடிப்பூண்டிக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. ஆலைப் புகையில் உள்ள கரித்துகள்கள் சிலவும் புற ஊதா ஒளியில் ஒளிரக் கூடியவை. தூய காற்றில் பழகிய கருவி அவற்றை உயிருள்ள வித்து என்று மயங்க இடமுண்டு. இதைக் குறையாகவே கொள்ள வேண்டியதில்லை. உலகில் ஆலையும் வயலும் அடுத்தடுத்து இருக்கும் வட்டாரங்கள் ஏராளம். கும்மிடிப்பூண்டிப் புகையிலும் வித்தைப் பிரித்தறியப் பழகிய கருவி அவ்வட்டாரங்கள் அனைத்துக்கும் உதவும். இந்த அனுபவத்தை ஐரோப்பியர் தங்கள் ஊரில் இருந்துகொண்டு பெற இயலாது. அவர்களிடம் கருவி இருக்கிறது. இங்கே அவர்கள் அறியாத காற்று இருக்கிறது. கைகோப்பதற்கு இதை விடத் தக்க காரணம் வேண்டியதில்லை.

கொடுத்து வாங்கிய முன்னனுபவம்

சர்வதேச ஒத்துழைப்பு என்றால் வெளிநாட்டார் கொடுக்க, கையேந்தி வாங்குவது என்று எண்ணுவோர் உண்டு. திருவள்ளூர் மாவட்டத்தின் அனுபவம் வேறு. திரூரில் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்தின் டி.கே.எம். 6 என்ற இரகம் தண்டுத் துளைப்பானை எதிர்க்கும் தன்மைக்குப் பெயர் பெற்றது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இந்த இரகத்தைப் பெற்றோரில் ஒன்றாகக் கொண்டு ஐ.ஆர். 20 இரகத்தை உருவாக்கி 1969-இல் வெளியிட்டது. அந்த ஐ.ஆர். 20 திரும்பி வந்து தமிழ்நாட்டு வயல்களில் பல்லாண்டுகள் விளைந்ததை முதிய விவசாயிகள் அறிவர். இந்த மண் கொடுத்தது, பெருகித் திரும்பி வந்தது. காற்று வித்துக்கள் விஷயத்திலும் அதே முறையில் நடக்க வேண்டும்.

ஒத்துழைப்பு தாமதமானால் என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு. தென் அமெரிக்காவில் இருந்த கோதுமைக் குலை நோய் 2016 பிப்ரவரியில் பங்களாதேஷில் தோன்றி ஏறத்தாழ 15,000 எக்டரைத் தாக்கியது. பல நாட்டு விஞ்ஞானிகள் தம் முடிவுகளை மூடி வைக்காமல் உடனுக்குடன் பகிர்ந்துகொண்டதால், அது தென் அமெரிக்கப் பூசணத்தின் வழி வந்தது என்பது விரைவில் தெரிந்தது. மேற்கு வங்க எல்லையோரப் பகுதிகளில் கோதுமை பயிரிடுவதையே நிறுத்தி வைக்க நேர்ந்தது. நோய் வந்த பின் கிடைத்த இந்த விரைவு, வருமுன் கிடைத்திருந்தால் எவ்வளவு நலம்!

தூர நாட்டைப் பற்றிப் பேசுமுன் அண்டை மாநிலத்தையும் நினைக்க வேண்டும். கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே எல்லையைத் தாண்டினால் தடா, சூலூர்ப்பேட்டை. அதற்கப்பால் நெல்லூர் நெல் வயல்கள். வடகிழக்குப் பருவக் காற்று வடக்கிலிருந்து தெற்கு நோக்கி வீசும் மாதங்களில்தான் இங்கே குலை நோய்க் காலமும் வருகிறது. சோதனைச் சாவடி லாரியை நிறுத்தலாம், வித்தை நிறுத்தாது. ஆகவே நெல்லூர்ப் பக்கம் ஒரு பொறி, கும்மிடிப்பூண்டியில் ஒன்று, திரூரில் ஒன்று என்று ஒரே முறையில் எண்ணி, இரு மாநில வேளாண்மைப் பல்கலைக்கழகங்களும் நாள்தோறும் கணக்கைப் பரிமாறிக்கொள்வதே சர்வதேச ஒத்துழைப்புக்கு முதல் படியாகும்.

சிறு விவசாயிக்கு இது தேவையா?

ஒரு கேள்வி எழும். கடனுக்கு உரம் வாங்கும் விவசாயிக்கு, பல இலட்சம் ரூபாய் விலையுள்ள கருவி எதற்கு என்று கேட்பர். நியாயமான கேள்வியே. கருவியை விவசாயி வாங்கப் போவதில்லை. மழைமானியை அரசு வைத்து மழையளவை எல்லோருக்கும் சொல்வது போல, இதுவும் பொதுச் செலவில் நடக்க வேண்டிய பணி.

செலவுக்கு ஏற்ற பலன் உண்டா என்பதற்கு அமெரிக்க அனுபவம் ஒன்று உள்ளது. 2004-இல் அங்கே சோயா மொச்சையில் துரு நோய் முதன்முதலாகக் காணப்பட்டது. புயற்காற்றில் வந்திருக்கலாம் என்பது விஞ்ஞானிகள் கருத்து. மறு ஆண்டு நாடெங்கும் காவல் வயல்கள் அமைத்து, நோய் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று விவசாயிகளுக்கு உடனுக்குடன் அறிவித்தனர். இந்த முன்னறிவிப்பால் 2005-ஆம் ஆண்டில் மட்டும் விவசாயிகளுக்குக் கிடைத்த ஆதாயம் 1 கோடியே 10 இலட்சம் டாலரிலிருந்து 29 கோடியே 90 இலட்சம் டாலர் வரை இருக்கும் என்று அந்நாட்டு வேளாண்மைத் துறையின் பொருளாதாரப் பிரிவு மதிப்பிட்டது. நோய் வராத இடத்தில் வீண் மருந்து தவிர்க்கப்பட்டதும் அந்த ஆதாயத்தில் சேரும். "இந்த வாரம் மருந்து வேண்டாம்" என்ற சேதியும் பணம்தான்.

செலவுக்கு வழியும் கையருகே உள்ளது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் தம் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமுதாயப் பணிக்குச் செலவிட வேண்டும். தாம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய்க்கண்டிகையிலும் உள்ள சிப்காட் பேட்டைகளின் பெரிய ஆலைகள் பள்ளிக்குக் கட்டடம், பேருந்து நிழற்குடை என்று தருவதோடு, தாம் பங்குகொள்ளும் காற்றை உழவருக்காக எண்ணும் பணிக்கும் தரலாம். ஆனால் பணம் தருவது ஆலையாக இருந்தாலும் கருவியும் கணக்கும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில், எவரும் பார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும். மருந்துக் கம்பெனியின் கைக்கு அந்தக் கணக்கு முதலில் போய், உழவருக்குப் பிறகு வரும் நிலை கூடவே கூடாது. அயல்நாட்டு நிறுவனங்களோடு செய்யும் ஒப்பந்தத்திலும் இந்த நிபந்தனை இடம்பெற வேண்டும். இங்கே பிடித்த வித்தின் படங்களைக் கொண்டு கருவியைப் பழக்கிவிட்டு, அதையே மீண்டும் இங்கே விலைக்கு விற்க இடம் தரலாகாது.

ஆள் இல்லாமல் கருவி இல்லை

கருவி வந்தால் ஆள் வேண்டாம் என்பதும் தவறான எண்ணம். காற்றில் வித்து இருப்பதாலேயே நோய் வந்துவிடாது. வித்து, இலை ஈரம், எளிதில் தாக்கப்படும் இரகமும் பருவமும் ஆகிய மூன்றும் கூட வேண்டும். கருவி முதலாவதை மட்டுமே சொல்லும். மற்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்து, இந்த வட்டாரத்தில், இந்தப் பருவப் பயிருக்கு, இது செய்க என்று தமிழில் சொல்ல ஆள் வேண்டும். மாவட்ட அளவில் வானிலையை வைத்து வேளாண் ஆலோசனை சொல்ல நாடெங்கும் வேளாண் அறிவியல் நிலையங்களில் அமைந்த 199 அலகுகள் 2024-இல் மூடப்பட்டன. கருவிகளைப் பெருக்கிக்கொண்டு, கருவி சொல்வதை விளக்கும் ஆட்களைக் குறைப்பது, கிணற்றை வெட்டிவிட்டுக் கயிற்றை அறுப்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்திச் செய்ய வேண்டும். முதலில், விலை குறைந்த ஹிர்ஸ்ட் வகைப் பொறிகளை வைத்து சொர்ணவாரி, சம்பா, நவரை ஆகிய மூன்று பட்டங்களிலும் சில ஆண்டுகள் விடாமல் எண்ண வேண்டும். அதற்கு வட்டாரத்துப் பட்டதாரி இளைஞர்களைப் பழக்கலாம். அருகிலுள்ள வயல்களில் நோய் எப்போது, எவ்வளவு வந்தது என்பதையும் கூடவே குறிக்க வேண்டும். இந்தக் கணக்கு கையில் இருந்தால்தான் எத்தனை வித்துக்கு அஞ்ச வேண்டும் என்ற அளவு தெரியும். இரண்டாவதாக, தானியங்கிக் கருவி ஒன்றைப் பழைய பொறியின் பக்கத்திலேயே நிறுத்தி, இந்த ஊர் வித்துக்களைப் பழக்கி, இரண்டின் கணக்கும் ஒத்து வருகிறதா என்று மூனிச் நகரில் செய்தது போல் சோதிக்க வேண்டும். மூன்றாவதாகவே முன்னறிவிப்பைத் தொடங்க வேண்டும். அவசரப்பட்டு முதல் ஆண்டே எச்சரிக்கை விட்டு, அது இரண்டு முறை பொய்த்தால், மூன்றாம் முறை மெய்யாக இருந்தாலும் உழவர் நம்ப மாட்டார்.

இதே கணக்கு உழவர் குடும்பத்தின் உடல்நலத்துக்கும் உதவும். சீமைக் கருவேல், பார்த்தீனியம், புல் இவற்றின் மகரந்தம் மூக்கொழுக்கலும் இழுப்பும் உண்டாக்குவது அறிந்ததே. சண்டிகர் நகருக்கு எந்த மாதத்தில் எந்த மகரந்தம் என்று காட்டும் நாட்காட்டியை ஆராய்ச்சியாளர்கள் 2021-இல் வெளியிட்டனர். ஆலைப் புகையையும் சேர்த்துச் சுவாசிக்கும் கும்மிடிப்பூண்டி, மீஞ்சூர் வட்டார மக்களுக்கு அத்தகைய நாட்காட்டி இன்னும் அவசியம்.

அதுவரை

முன்னறிவிப்பு வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதை நேர்த்தி செய்யலாம். தழைச்சத்தை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து இட வேண்டும். மிகுந்த தழைச்சத்து குலை நோய்க்கு விருந்து. வரப்பில் உள்ள புற்களும் நோய்க்கு இடம் தருவதால் அவற்றை அகற்ற வேண்டும். பனி மிகுந்த வாரங்களில் காலையில் வயலில் இறங்கி அடி இலைகளைப் பார்க்க வேண்டும். முதல் புள்ளி கண்ட தேதியை ஒரு நோட்டில் குறித்து வைத்தால், பின்னாளில் கருவியின் கணக்கைச் சரிபார்க்க அதுவே உதவும்.

மாதந்தோறும் மாவட்ட ஆட்சியர் தலைமையில் நடைபெறும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் ஏரி மதகு, கொள்முதல் நிலையம், பயிர்க் காப்பீடு ஆகியவை பற்றி விவசாயிகள் கேட்கின்றனர். காற்றைப் பற்றியும் அங்கே கேட்க வேண்டும். ஆலைக்காக அளக்கும் காற்றைப் பயிருக்காகவும் அளந்து சொல்லுமாறு கும்மிடிப்பூண்டி, மீஞ்சூர், எல்லாபுரம், சோழவரம் வட்டார விவசாயிகள் ஒன்றுசேர்ந்து மனுக் கொடுத்தால், வேளாண்மைத் துறையும் பல்கலைக்கழகமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஒரே மேசையில் அமர்ந்து பதில் சொல்ல வேண்டி வரும். அந்தப் பேச்சை அடுத்த சம்பாப் பட்டத்துக்கு முன்னரே தொடங்க விவசாயப் பெருமக்கள் முன்வர வேண்டும்.